கண்ணுக்குள்ளே ஒரு விளக்கு



"லேசர் பிடிச்சா கண்ணு கருகிப் போயிரும்" என்று லயத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. போன மாதம் துண்டு கொடுத்தும் மூன்று பேர் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

சீனி வியாதி பல வருஷம் இருந்தால் விழித்திரையில் மெல்லிய புது இரத்தக் குழாய்கள் முளைக்கலாம். வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே தெரியலாம். அந்த நேரத்தில் லேசரால் விழித்திரையின் ஓரங்களில் சிறு சிறு சூடு வைத்தால் குழாய்கள் சுருங்கும். மரக்கச் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்தே செய்வார்கள். கண் கூசும், கொஞ்சம் குத்தவும் செய்யும், பொய் சொல்லமாட்டோம். போன பார்வை அதனால் திரும்பாது, இருப்பது நிற்கும்.

குழாய் வெடித்து இரத்தம் நிறைந்து, அது தானாகக் கரையாவிட்டால் ஒப்பரேஷன்தான். கண்ணுக்குள்ளே இருட்டு அல்லவா? ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளையால் மெல்லிய நார் வழியே வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, இன்னொரு துளையால் இரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சுவார்கள். லேசரும் நார் வழியாகவே உள்ளே போகும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மியாமியில் ரொபர்ட் மக்கெமர் என்ற டாக்டர் இந்த ஒப்பரேஷனுக்கு வழி திறந்தார். ஆனால் அதுவரை ஏன் விடவேண்டும்?

வியாழக்கிழமை காலை லொறி டிஸ்பென்சரி வாசலில் நிற்கும். அன்றைக்குப் பேர் போடும்படி துரையிடம் கேட்டிருக்கிறோம். மருந்து விட்டால் கண் மங்கும். கூட ஒரு ஆள் வரட்டும். அந்த மூன்று பேரும் துண்டை மறக்காமல் கொண்டு வாங்க.