ஃபைலைக் காட்டினேன், பாதத்தைக் காட்டவில்லை

(கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு சந்திப்பில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு வருடமாக சர்க்கரை நோயாளி. இங்கே பேச எனக்கு உள்ள தகுதி அவ்வளவுதான். நம் குடியிருப்பில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

போன வருடம் ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். முந்தின நாள் மாலை மருத்துவ மாணவி ஒருவர் நோட்டுடன் வந்தார். "ஐயா, உங்களைப் பரிசோதிக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். கையைச் சுத்தம் செய்துகொண்டார். நாடி, ரத்த அழுத்தம், நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "பாதத்தைக் காட்டுங்க ஐயா" என்றார்.

"ஆபரேஷன் வயித்துலதாம்மா" என்றேன்.

"பதினாலு வருஷமா சுகர்னு சொன்னீங்களே ஐயா."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பாதத்தில் ஏதாவது படும்போதெல்லாம் 'ஆமா' என்று சொல்ல வேண்டுமாம். நானும் காத்திருந்தேன். ரொம்ப நேரமாகிவிட்டதே என்று, "எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?" என்றேன். "முடிச்சிட்டேன் ஐயா" என்றார். அவர் கையில் இருந்தது ஒரு நைலான் இழை. அது வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம் கிடைக்கும். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

வலது பாதத்தின் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண்ணும் இருந்தது. என் தோல் செருப்பிலிருந்து ஒரு சின்ன ஆணி மேலே வந்திருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தேனோ! நோட்டைத் தொட்டதும் இது கள்ளநோட்டு என்று சொன்ன விரல்கள் என்னுடையவை. பாதத்துக்கு ஓர் ஆணி தெரியவில்லை.

ஆபரேஷன் தள்ளிப்போனது. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்றார் டாக்டர். விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்குச் சிலர் வருவது இப்படித்தான்.

இத்தனை வருடமும் நான் சிகிச்சையை விட்டவன் இல்லை. ஒரு கிளினிக்குக்குத் தவறாமல் போனேன். தேதி வாரியாக ரிப்போர்ட் அடுக்கிய ஃபைல் வைத்திருந்தேன். அங்கே ஃபைலைப் பார்ப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் காட்டியதில்லை. வங்கியில் லெட்ஜர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சாயங்காலம் கையிருப்பை எண்ணித்தான் பூட்டுவோம். நான் லெட்ஜரை மட்டும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாணவர்களே, பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்று நான்கு படிகளை உங்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். தட்டிப் பார்க்கும் முறையை ஆவன்புருகர் 1761இல் வியன்னாவில் வெளியிட்டார். விடுதிக்காரர் மகனான அவர், பீப்பாயைத் தட்டிப் பார்ப்பதிலிருந்து அதைப் பிடித்தார் என்பார்கள். 1816இல் பாரிஸில் லெனெக் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். இன்று ஸ்கேன் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தை ஸ்கேன் செய்வது என்று சொல்ல உங்கள் கையும் கண்ணும் வேண்டும். நோயாளி காட்டும் இடத்தோடு நின்றுவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு, நான் இப்போது கடைப்பிடிப்பவை:

தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்க்கிறேன். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். செருப்பைக் கையால் தடவிப் பார்த்துத்தான் போடுகிறேன். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. காலை வெந்நீரில் வைப்பதில்லை. சூடு தெரியாத கால் வெந்துபோகும். கால் ஆணியை பிளேடால் நானே சீவுவதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தில் உணர்ச்சி, ரத்த ஓட்டம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரைப் பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் அதேபோல வருடா வருடம் வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேஜைமேல் இருக்கட்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். பார்க்கும்போது பேச்சும் வேண்டாம். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டினால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாதத்தையும் கொஞ்சம் பார்த்துடுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எனக்கு அதைச் சொல்லத் தோன்றப் பதினான்கு வருடம் ஆயிற்று. உங்களுக்கு இன்றே தோன்றட்டும்.