தியாகராஜரின் அன்றாடம்



நிலையில்லாக் காலத்தில் மனநிறைவு என்பது பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. திருவையாற்றில் ஒருவர் தம் நாளை எப்படிக் கழித்தார் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

அந்த ஒருவர், ராமன் மேல் கீர்த்தனைகள் பாடிய தியாகராஜர். 1767இல் திருவாரூரில் பிறந்தவர். 1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டுக்குள் புகுந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. விளைச்சல் போயிற்று, பஞ்சம் வந்தது, ஊர்கள் காலியாயின. 1799இல் தஞ்சை மன்னர் சரபோஜி ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதை ஒட்டிய பகுதியுமே மன்னருக்கு மிஞ்சின. கர்நாடக சங்கீதத்தின் பொற்காலம் என்று நாம் கொண்டாடுவது இந்தக் காலத்தைத்தான்!

சரபோஜி அழைத்தும் தியாகராஜர் அரண்மனைக்குப் போகவில்லை, அப்போது பாடியதுதான் கல்யாணி ராகத்து ‘நிதி சால சுகமா’ என்பார்கள். பிற்காலத்தார் சொன்ன கதை. அதன் மேல் அதிகப் பாரம் ஏற்ற நான் விரும்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். மறுநாள் காலையில் உலை வைக்க அரிசி வேண்டுமே! அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

உஞ்சவிருத்தியில் வந்தது. கையில் தம்புராவும் சொம்புமாகப் பாடிக்கொண்டே தெருவில் நடப்பார். யார் வீட்டு வாசலிலும் நின்று கேட்பதில்லை. கொடுப்பவர்கள் வந்து ஒரு பிடி போடுவார்கள். அன்றைக்குக் கிடைத்தது அன்றைக்கு. அதில்தான் சீடர்களுக்கும் சோறு. அவர் பாடிய திவ்யநாமக் கீர்த்தனைகளின் அமைப்பைக் கவனியுங்கள். சரணங்கள் பல, எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு, அலட்டல் இல்லாத நடை. நாலு பேர் சேர்ந்து பாட இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது.

உத்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளைச் சபாக்களில் துக்கடாவாகக்கூட அதிகம் கேட்க முடிவதில்லை. ராமனை எழுப்ப ஒரு பாட்டு, சோறு படைக்க ஒன்று, வெற்றிலை மடித்துக் கொடுக்க ஒன்று, ஊஞ்சலாட்ட ஒன்று, தூங்க வைக்க ஒன்று. ஒரு வீட்டில் தினமும் நடக்கிற காரியங்கள்தாம். நாட்டில் எது நிலைகுலைந்தாலும் விடிந்ததும் ராமனை எழுப்பியாக வேண்டும். அவருடைய நிறைவுக்கு இந்த ஒழுங்கே முட்டுக்கொடுத்தது என்பது என் கட்சி.

இதை வைத்து அவரைப் புன்னகை மாறாத துறவியாக்கிவிட வேண்டாம். ராமனோடு சண்டை போட்டிருக்கிறார், ஏன் வரவில்லை என்று அழுதிருக்கிறார். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தில் கௌளை ராகத்தில் உள்ளது முழுக்க அவர் தம் குறைகளையே அடுக்குகிறார். குறைப்பட்டுக்கொள்ளாதவருக்குத்தான் நிறைவு வரும் என்று யார் சொன்னது?

போதும் என்ற மனம் அவருடையது. போடும் கை தெருவுடையது. இந்தப் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். அவர் 1847இல் மறைந்த பிறகு பாட்டுகளைக் காப்பாற்றியவர்கள் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானத்துச் சீடர்கள். சீர்கெட்டுக் கிடந்த சமாதியைத் தம் சொத்தைச் செலவிட்டுக் கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே அவர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுத்தபோது அந்த அம்மையார் ‘போதும்’ என்று இருந்துவிடவில்லை. பெண்களுக்கென்று தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் பொது ஆராதனையிலும் பெண்கள் பாட வழி திறந்தது.

போடும் கையை நாம் மறந்தது அண்மையிலும் தெரிந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது நம் வீடுகளில் பாட்டுக்குக் குறைவில்லை, கைப்பேசியைத் தொட்டால் போதும். ஆனால் கோயில் திருவிழாவும் கல்யாணமும் நின்றுபோய் நாகசுரக்காரர், தவில்காரர் வீடுகளில் அடுப்பு எரிவதே பாடாயிற்று. அவர்களிடம் போய் மனநிறைவைப் பற்றிப் பேச நமக்கு வாய் வராது.

எனவே அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு முன்னால் உள்ளூர் நாகசுரக் கச்சேரி ஒன்று வையுங்கள். பேசுகிறவனுக்குக் கொடுப்பதைவிட அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுங்கள், அதையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.