பாம்பின் மூச்சு

"சித்தப்பா, பாம்புக்குத் தடிமனோ?"

ஒருநாட் காலை என் தமையனாரின் மகன் என்னிடம் இவ்வாறு கேட்டான். இது நிகழ்ந்த இடம் நம் ஊரன்று, இலண்டன் மாநகரம். அங்கே பூனையும் கிளியும் வளர்ப்பாரைப் போலப் பாம்பு வளர்ப்பாரும் உளர். பதினான்கு வயதினனாகிய அவன் வளர்ப்பது மேற்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறிய மலைப்பாம்பு. அஞ்சியபோது தலையை நடுவே மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்வதால் அதனைப் பந்து மலைப்பாம்பு என்பர். அதற்கு நஞ்சில்லை. நம் நாட்டு வெங்கிணாந்திக்கு அது உறவு முறை. ஆயினும் வெங்கிணாந்தி இங்கே சட்டத்தாற் காக்கப்படும் உயிர். அதனைப் பிடித்து வளர்த்தல் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விடுமுறைக்குச் சென்றிருந்த நான் கண்ணாடிப் பெட்டியருகே காதை வைத்துக் கேட்டேன். மூச்சுக்கு மூச்சு மெல்லிய சீழ்க்கையொலி எழுந்தது. பாம்பின் கண்களோ பாலாடை படர்ந்தாற்போல நீலம் பாரித்திருந்தன. உடலின் நிறமும் மங்கியிருந்தது. பையனிடமிருந்த நூல்களை இருவரும் புரட்டினோம். காரணம் விளங்கிற்று.

பாம்பு சட்டை உரிக்கும் காலத்திற் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு நீர்மம் சுரக்கின்றது. பாம்புக்கு இமையில்லை, கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். சட்டையோடு அதுவும் கழல வேண்டியிருத்தலின், கண் மங்குகின்றது. மூக்குத் துளையின் ஓரத்துத் தோலும் தளர்ந்து துளையை ஒடுக்குகின்றது. ஒடுங்கிய வழியாற் காற்றுச் செல்லும்போது, புல்லாங்குழலில் நிகழ்வதுபோல, ஒலி பிறக்கின்றது. பார்வை மங்கிய பாம்பு அச்சத்தாற் சீறுவதும் உண்டு. இவை நோயல்ல. சில நாட்களிற் கண் தெளிந்தது, பின்னர்ச் சட்டை முழுதாய்க் கழன்றது, ஒலியும் நின்றது. நான் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினேன்.

பனிக்காலத்தில் அவன் தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, பிறகும் சத்தம் கேட்குது" என்றான். "சட்டை உரிக்கப்போகின்றது, பயப்படாதே" என்றேன். பழைய விடையையே புதிய வினாவுக்கும் எழுதும் மாணவரை நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கின்றேன். அன்று அத்தவற்றைச் செய்தவன் நானே.

பையன் அமைதியடையவில்லை. பாம்பின் கண்ணைப் பார்த்தான், தெளிவாக இருந்தது. தன் குறிப்பேட்டைப் பார்த்தான். சட்டை கழன்று இரண்டு கிழமையே ஆகியிருந்தது. ஒலியும் முன்போற் சீழ்க்கையாக இல்லை. நீர் கொப்புளிப்பதுபோலக் களகளவென்றிருந்தது. பாம்பு தலையை மேல்நோக்கி உயர்த்தி, வாயைச் சிறிது திறந்து மூச்சுவிட்டது. வாயோரத்திற் சளிக்குமிழிகள் தோன்றின. இரையையும் அது தொடவில்லை. அன்றே அவன் தந்தையுடன் ஊர்வனவற்றில் தேர்ந்த மிருக வைத்தியரிடம் பாம்பைக் கொண்டுசென்றான். நோய் சுவாசப்பையிற் பற்றியிருந்தது.

இந்த நோயில் தாமதம் ஏன் கொடியது? நமக்குச் சளி கட்டினால் இருமி வெளியேற்றுகின்றோம். நமது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள பிரிமென்றகடு பாம்புக்கு இல்லை. விலாவெலும்புகளை அசைக்கும் தசைகளாலேயே அது மூச்சுவிடுகின்றது. ஆதலால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. நீண்ட சுவாசப்பையினுட் சளி தேங்கித் தடிக்கின்றது. நோய் முற்றும்வரை தன் துன்பத்தைப் பெரிதும் வெளிக்காட்டாத இயல்பும் அதற்குண்டு. நாம் கேட்கும் ஒலி சிலவேளை நோயின் தொடக்கமன்று, நடுப்பகுதி.

காரணமும் கண்டறியப்பட்டது. பெட்டியின் சூடேற்றி பழுதுற்றிருந்தது. பாம்பு தன் உடற்சூட்டைப் புறத்திலிருந்தே பெறுகின்றது. இவ்வினத்துக்குப் பெட்டியின் ஒருபுறம் 31 அல்லது 32 பாகை செல்சியசும், மறுபுறம் 25 அல்லது 26 பாகையும் வேண்டும். குளிர்ந்தால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். காற்றோட்டமின்மையும் அழுக்கும் உண்ணிகளும் நோய்க்கு வழிகோலும். பற்றீரியாவே பெரும்பாலும் காணப்படினும், வைரசுகளும் உண்டு. இம்மலைப்பாம்பினத்தின் சுவாச நோயோடு தொடர்புடைய நிடோவைரசு ஒன்று 2014 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதனை ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆதலின் ஐயத்துக்குரிய பாம்பை மற்றப் பாம்புகளிடமிருந்து உடனே பிரித்து வைத்தல் வேண்டும்.

பையனின் பாம்புக்கு வந்தது பற்றீரியாவால் விளைந்த நோய். ஊசிமருந்தும் செம்மையான சூடும் பல கிழமைகளில் அதனைக் குணப்படுத்தின. இன்னும் சில நாள் பொறுத்திருந்தாற் பிழைத்திராது என்றார் வைத்தியர்.

பாம்பு வளர்ப்போர் காதை மட்டும் நம்பலாகாது. ஒலி கேட்டதும் கண்ணைப் பாருங்கள், தோலைப் பாருங்கள், சென்றமுறை சட்டை கழன்ற நாளைப் பாருங்கள். வாய் மூடியிருந்து, சளியின்றி, சட்டை உரிக்கும் அறிகுறிகளும் காணப்பட்டாற் பொறுத்திருக்கலாம். அப்போது தோலைக் கையாற் பிய்த்தல் ஆகாது. பெட்டியின் ஈரப்பதனைச் சற்றுக் கூட்டுதலே போதும். சட்டை கழன்ற பின்னரும் ஒலி நில்லாவிடில், அல்லது சளியோ திறந்த வாயோ காணப்பட்டால், ஒருநாளும் தாமதியாது வைத்தியரை நாடுங்கள். கைமருந்து வேண்டாம்.

அப்பையன் நாட்களைக் குறித்துவைத்தான். மூத்தவன் சொன்னதென்று வாளாவிராமல் தானே சென்று பார்த்தான். அதனால் ஓர் உயிர் பிழைத்தது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நான் கற்பிக்க முயன்றதும் இதுவே.