படம் எடுத்தால் மட்டும் போதுமா?

(மீஞ்சூர் பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் எங்கள் மருத்துவமனைச் சாப்ளின் ஐயா பேசியது)



பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நாம் எல்லாரும் அறிவோம். கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்தாள். அவளைப் போல மறைத்துக்கொள்கிறவர்கள் நம் ஊர்ப்பக்கத்திலும் உண்டு. எங்கள் வார்டில் ஒரு தாயாரோடு ஜெபித்தோம். ஒன்றரை வருஷமாக இரத்தப்போக்கு. ராத்திரியில் துணியை அலசிக் காயவைத்து, பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. வந்தபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. அடக்க ஆராதனை நடத்தத்தான் எங்களால் முடிந்தது.

இது ஒரே நாளில் வரும் நோயல்ல. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் உடலை விட்டு நீங்காமல் தங்கினால், புற்றாக மாறப் பல வருஷங்கள் ஆகும். அதுவே நமக்குக் கிடைத்திருக்கும் தவணை. காடியில் உள்ள அமிலத்தை நீர்த்துத் தடவினால், பழுதான இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துச் சொல்லலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையார் 2000-ல் இதைத் தொடங்கினார்கள். 31,343 பெண்களை நர்சுகள் பரிசோதித்தார்கள். அந்த ஊர்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணம், மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியானது.

இப்போது அந்த இடத்தைப் படமெடுத்துத் தூரத்து டாக்டருக்கு அனுப்பலாம். கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லும் முறையை 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் ஒரு காமிராவின் படங்களில் பழகிய கம்ப்யூட்டர், வேறு காமிராவின் படத்தில் தடுமாறுவதும் உண்டு.

“காமிரா வாங்கித் தரட்டுமா?” என்று அன்பர்கள் கேட்கிறீர்கள். ஸ்தோத்திரம், வாங்கித் தாருங்கள். ஆனால் படம் ‘சந்தேகம்’ என்று சொன்ன பிறகு, அந்தச் சகோதரி ரயிலேறிப் பட்டணம் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டும். பயந்து வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. திண்டுக்கல்லில் தகுந்தவர்களுக்கு அன்றைக்கே, பழுதான இடத்தை உறையவைக்கும் சிகிச்சையையும் நர்சுகளே கொடுத்தார்கள். இங்கும் அதற்கான கருவி, வாயு சிலிண்டர், வழிச்செலவு, வீடுதேடிப் போய்க் கூட்டிவர ஒரு ஊழியக்காரி, இவை வேண்டும். இவைகளுக்கும் உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம்.

ஆண்டவர் அந்த ஸ்திரீயைக் கூட்டத்தில் தவறவிடவில்லை; நின்று, யார் என்று கேட்டார். நாமும் படத்தோடு நின்றுவிடாமல் ஆளைத் தேடிப் போவோம். முப்பது வயதைத் தாண்டிய சகோதரிகளே, நோவு வரும்வரை காத்திராமல் வாருங்கள். அடுத்த வீட்டுக்காரியையும் அழைத்து வாருங்கள்.