மலைநாடுகள் வீழ்ந்தது ஏன்?

(சேத்தியாத்தோப்பில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



வெள்ளாற்றங்கரையிலுள்ள இச் சேத்தியாத்தோப்பினின்று வடமேற்கே சென்றால், பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் நிற்கின்றது. அவ்வூரைத் தலைநகராகவும் முள்ளூர் மலையை அரணாகவும் கொண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. நாடோ சிறிது; ஆற்றலோ பெரிது! மூவேந்தருள் ஒருவர்க்குப் போர் நேரின், படைத்துணை வேண்டிப் பொருளுடன் ஆள் வருவது அவன் வாயிலுக்கே என்பதைக் கபிலர் பாடல் காட்டும்.

காரி மட்டுமா? கொல்லியில் ஓரி, தகடூரில் அதியமான் அஞ்சி, பறம்பில் பாரி. உழவர் உழாமலே பறம்பு மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தந்தது. அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சதியபுத்திரரையும் ஒருசேர வைத்தான். அவர் அதியமான் மரபினரே என்பதை, 1981-இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் கண்டறியப்பெற்ற தமிழிக் கல்வெட்டு உறுதிப்படுத்தியது.

இத்தகைய நாடுகள் வீழ்ந்தது ஏன்? வளம் குன்றியதாலா? மறம் குன்றியதாலா? இரண்டுமில்லை!

காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு ஈந்தான். காரியின் கோவலூரை அஞ்சி வென்றான். அஞ்சியின் தகடூரையோ சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். பறம்பை மூவேந்தரும் கூடி முற்றினர், பாரி மாய்ந்தான். அவன் மகளிரை மணந்துகொள்ளுமாறு கபிலர் வேண்டியபோது, இருங்கோவேளும் மறுத்தான். இந் நால்வரும் கடையெழு வள்ளல்கள். இரவலர்க்கு எல்லாம் ஈந்தோர், தம்முள் ஒருவர்க்கொருவர் துணையை மட்டும் ஈந்திலர்!

ஆல்ப்சு மலையைப் பாருங்கள். 1291-இல் ஊரி, சுவீசு, உந்தர்வால்டன் என்னும் மூன்று பள்ளத்தாக்கினர், ஒருவர்க்குத் தீங்கு நேரின் மற்றையோர் துணைநிற்பதென உறுதி பூண்டனர். அதுவே சுவிட்சர்லாந்தின் வித்து. மலைக்கணவாய்களைக் கையில் வைத்திருந்த அந் நாட்டை எந்த வல்லரசும் பிறிதொரு வல்லரசிடம் விட மனங்கொள்ளவில்லை. 1815-இல் அதன் நடுநிலையை அனைவரும் ஏற்றனர். இன்று அங்கே நான்கு மொழியினர், தத்தம் மொழி கெடாமல் ஒரே நாட்டினராய் வாழ்கின்றனர்.

அவர்க்கு வாய்த்த மலை நமக்கும் வாய்த்தது, வளமும் வாய்த்தது, மறமும் வாய்த்தது. வாய்க்காதது ஒன்றே: பக்கத்து மலைக்காரனைத் தம்மவன் என்று எண்ணும் நெஞ்சம். அந் நெஞ்சத்தை இனியேனும் தமிழர் பெறுவாராக!