சித்திரைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு



பங்குனி முடியப்போகிறது. மலையில் ஏலக்காய் எடுப்பு ஓய்ந்துவிட்டது. ஆடி, ஆவணியில் சூடுபிடித்து மாசி வரைக்கும் ஓடுகிற வேலை அது. அந்த மாதங்களில் விடியுமுன்பே போடியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் போடிமெட்டு ஏறிப் போவார்கள். பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ஒரு நல்லது கெட்டதுக்குப் போவதென்றாலும் அன்றைய கூலியை விட்டாக வேண்டும். சித்திரை அப்படியில்லை. செடியில் காய் கிடையாது, பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நம் பக்கத்துப் பெரிய திருவிழாக்கள் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. வெளியூரில் இருக்கும் நம் ஆட்களும் இப்போதுதான் ஊர் திரும்புகிறார்கள்.

முதலாவது, போடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பரமசிவன் மலைக்கோயில். சித்திரை பிறந்ததுமே அங்கே விழா தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் படி ஏறிவிடுங்கள். மேலே நின்று பார்த்தால் ஊர் முழுக்கக் கீழே தெரியும். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை எழும்பி நிற்கும். பிள்ளைகளுக்கு ஊரின் கிடப்பைக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வீரபாண்டி. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் 8 கிலோமீட்டரில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறாள் கௌமாரியம்மன். திருவிழா சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய் வரை, 8 நாள் நடக்கும். ஆனால் வீரபாண்டிக்காரர்களைக் கேட்டால் திருவிழா அன்றைக்குத் தொடங்குவதில்லை, கம்பம் நட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது என்பார்கள். முக்கொம்பாகக் கிளைத்த அத்திமரத்தை வெட்டிவந்து, ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாகவே சன்னதிக்கு எதிரே நட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்தக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் வேண்டுதல். ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். ஆற்றில் முங்கி எழுந்து, குடத்தின் வாயில் வேப்பிலையைச் செருகி, சொட்டச் சொட்ட ஈரச்சேலையோடு பெண்கள் வரிசையில் வருவார்கள். இடுப்பில் பிள்ளை, தலையில் குடம் என்று வருகிறவர்களும் உண்டு. ஊற்றிய தண்ணீர் மஞ்சளும் வேப்பிலையுமாகக் காலடியில் ஓடும். யாரும் ஒரு வார்த்தை அதட்டாமலே வரிசை நகரும்.

திருவிழா நாட்களில் அக்னிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுப்பார்கள். அம்மை கண்டு பிழைத்த வீட்டில், கண் நோய் தீர்ந்த வீட்டில் நேர்ந்துகொண்ட கடன் அது. பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன் இங்கே வந்து பார்வை பெற்றான் என்பது தலத்துக் கதை. பக்கத்திலேயே கண்ணீஸ்வரமுடையார் கோயிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தேர். ராட்டினமும் கடைகளும் விடிய விடியத் திறந்திருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பகல் வெயிலைத் தவிர்த்துவிட்டு இரவில் போவது நல்லது. ஆற்றில் ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் அந்த ஒரே நாள்தான் பொதுமக்களை விடுவார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து அனுமதி பெற்ற ஜீப்புகள் போகும். நம் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதையும் கொண்டுபோகக் கூடாது. சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் என்று நாம் நம்பி வரும் இடம் இது. சிதைந்த கல் மண்டபங்களுக்கு நடுவே நின்று பொங்கலும் மங்கலக் கயிறும் வாங்கும்போது, கட்டுமானம் இந்த நிலையில் இருக்கிறதே என்று மனது கனக்கும். அதற்காகவே போக வேண்டும் என்பேன். பார்க்கிறவர்கள் கூடினால்தான் கேட்கிறவர்களும் கூடுவார்கள்.

இத்தனை விழா இருக்க, இன்னொன்று வேண்டும் என்று கேட்கவே இன்று உங்களிடம் பேச வந்தேன். ஏப்ரல் 18 உலக மரபு நாள். 1983இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதிலிருந்து பல நாடுகளில் அன்றைக்குப் பழைய கட்டடங்களுக்கும் கலைகளுக்கும் மக்களை அழைத்துப் போகிறார்கள். நமக்கு அது சித்திரை பிறந்த வாரத்திலேயே விழுகிறது. ஊரெல்லாம் நிறைந்திருக்கும் வாரம்.

அன்றைக்கு எதைக் காட்டுவது? போடி ஜமீன் அரண்மனையில் லட்சுமி விலாசம் என்ற பகுதி இருக்கிறது. அதன் சுவர்களில் ராமாயணக் காட்சிகளைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அரண்மனைத் தெருவில் தினம் நடக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஓவியங்களை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்? சிறு சிறு குழுவாக, சுவரில் கை படாமல், விவரம் தெரிந்த ஓர் ஆசிரியர் சொல்லச் சொல்லப் பார்த்தால் போதும்.

அடுத்து குரங்கணி மலைப்பாதையின் கதை. மூணாறு மலைத் தேயிலை அந்தக் காலத்தில் குறுகிய ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, வண்டிமாடு கட்டி போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த மலைரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கு வருஷம் கழித்து, 1928இல் மதுரை ரயில் போடிக்கு வந்தது. தண்டவாளம் அகலப்படுத்த 2010 கடைசியில் நிறுத்தி, 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடியும் போடிக்கு ரயில் ஓடியது. நடுவில் பிறந்த பிள்ளைகள் பன்னிரண்டு வயதுவரை சொந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் நின்று பார்த்ததில்லை. இப்போது சென்னைக்கே நேரே ரயில் இருக்கிறது. இந்தக் கதையை மலையேறித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. ஏப்ரல் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தவர்கள் நாம். வனத்துறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ரயில் நிலையத்திலேயே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசலாம். கம்பிவடம், வண்டிப்பாதை பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட பெரியவர்கள் கொட்டகுடிப் பக்கம் இருப்பார்கள். அவர்களை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். மைக்கை அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்கள் இரண்டு: இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஒன்று, நம் போடி மற்றொன்று. அம்மா பறித்த காய் என்ன விலைக்குப் போகிறது, ஏழு எம்எம், எட்டு எம்எம் என்று எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஏல மையத்தாரும் வியாபாரிகளும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதுவும் இதில் சேரும்.

பள்ளியில் தேர்வு இருந்தால் 18ஆம் தேதிதான் வேண்டும் என்றில்லை. அந்த வாரத்தில் ஏதோ ஒரு மாலை போதும். நகராட்சியோ, பள்ளித் தலைமையாசிரியர்களோ, வர்த்தகர்களோ, யார் முன்னெடுத்தாலும் சரி. அரண்மனையில் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தை மட்டும் பங்குனிக்குள் கொடுத்துவிடுங்கள்.