இருபத்தெட்டு வயதில் மருத்துவம் படிக்கலாமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நீட் பயிற்சி பற்றி இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். நான் சொல்ல வந்தது, பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்களைப் பற்றி.

சென்ற ஆண்டு பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். வயது 28. செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறாள். நான்கு வயதில் ஒரு குழந்தை. "டீச்சர், நான் நீட் எழுதலாமா, இல்ல வயசு தாண்டிடுச்சா?" என்றாள். கூட வந்த தோழி பி.எஸ்சி. நர்சிங் பட்டதாரி. அவளுக்கும் அதே கேள்விதான்.

வயது தடையே இல்லை. குறைந்தபட்சம் 17 நிறைய வேண்டும், அவ்வளவுதான். மேல் வரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதே ஆண்டு ஜனவரியில் நம் மாநிலக் கலந்தாய்வுக்கு, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில், 61 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தது நினைவிருக்கும். இளையவர் ஒருவருக்கு இடம் கிடைக்கட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. சட்டம் அவரைத் தடுக்கவில்லை.

பணம் என்று வரும்போதுதான் இரண்டு பெண்களுக்கும் பாதை பிரிகிறது. அதற்குக் காரணம் வயதல்ல, முன்பு படித்த படிப்பு.

2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம். அதில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும். பழைய மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இது தங்களுக்கும் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்த இடம் கிடைக்காமல் பொதுப் பிரிவில் சேர்ந்தால்? முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. பட்டயம் பட்டமாகாது என்பதால், வீட்டில் வேறு பட்டதாரி இல்லையென்றால் என் மாணவி அதைக் கேட்கலாம். தோழி கேட்க முடியாது, அவளே பட்டதாரி. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் இதே சிக்கல்தான். ஒரு தொழிற்படிப்பை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்களை அதன் விதிகள் ஏற்பதில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திருமணமாகி வேலையில் இல்லாத பெண்ணுக்குக் கணவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். அதனால் வேலையை விடும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

கல்விக் கடனுக்குப் போன இடத்தில், ஒரு வங்கிக் கிளையில், "இந்த வயசுல லோனா?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் வயது வரம்பு கிடையாது. நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம். மணமானவர்களுக்குக் கணவரோ மாமனார் மாமியாரோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திடலாம். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

எந்த உதவித்தொகையும் ஈடுகட்டாதது ஒன்று உண்டு, சம்பளம். நான்கரை ஆண்டு படிப்பு, அதன்பின் ஓராண்டு பயிற்சி. பயிற்சிக் காலத்தில்தான் கைக்குக் கொஞ்சம் பணம் வரும். அதுவரை குழந்தையை யார் பார்ப்பார்கள், வீட்டு வாடகை யார் கொடுப்பார்கள் என்று அவளிடம் வெளிப்படையாகவே கேட்டேன். "அம்மா பாத்துக்குவாங்க, வீட்டுக்காரரும் சரின்னுட்டார்" என்றாள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் "முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் கையில் இருக்கும் வேலை படிப்புச் சான்று தருவது. ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை ஒவ்வொரு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். எமிஸ் வருவதற்கு முன் படித்தவர்களுக்குச் சேர்க்கைப் பதிவேடுதான் ஆதாரம். நடுநிலைப் பள்ளியில் தன் பெயரைத் தேட இவள் மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு சத்துணவு அமைப்பாளர், மூட்டை கட்டி வைத்திருந்த பழைய பதிவேடுகளுக்குள் அதைக் கண்டெடுத்தார். கரையான் ஓரம் மட்டும் அரித்திருந்தது.

முதல் முறை எழுதினாள், மதிப்பெண் போதவில்லை. மறுபடியும் படிக்கிறாள், இரவுப் பணி இல்லாத நாட்களில். கோடை விடுமுறைக்கு முன் உங்கள் பள்ளியின் பழைய பதிவேடுகளை ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டி, ஆண்டுவாரியாக அடுக்கி வையுங்கள்.